உங்கள் ஊர் எந்தக் கட்சி ஊர்? பூத் கணக்கைப் படிக்கும் முறை

“இது ரெட்டை இலை ஊர்”, “அந்தப் பக்கம் பூரா சூரியன்தான்” என்று டீக்கடையில் சொல்லப்படும் தீர்ப்புகளைச் சரிபார்க்கத் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு வாக்குச்சாவடியின் முடிவும் தனித்தனி வரியாகப் பதிவாகிறது. 1,500 வாக்காளர் உள்ள கிராமத்துக்கு இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று. அந்த வரிகளை எடுப்பது எளிது. எந்தத் தெருக்கள் எந்த வரியில் சேர்ந்தன, எத்தனை பேரில் அத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற இரண்டையும் பார்க்காமல் சதவீதம் போடுவதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். இந்தக் குறிப்பின் பெரும்பகுதி அந்த இரண்டைப் பற்றியதுதான்.

தேவையானவை: வாக்குச்சாவடிப் பட்டியல், உங்கள் பாகத்தின் (அதாவது ஒரு பூத்துக்கு உரிய பகுதியின்) வாக்காளர் பட்டியல், படிவம் 20 என்ற பூத்வாரி முடிவுத் தாள், முடிந்தால் படிவம் 17சி என்ற பூத்தின் வாக்குக் கணக்குத் தாள். முதல் மூன்றும் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இருக்கும். நான்காவது கட்சிகளின் பூத் ஏஜென்ட்டுகளிடம்தான் இருக்கும். இவற்றோடு ஒரு எக்செல் தாள் அல்லது கோடு போட்ட நோட்டு.

எல்லையை முதலில் பிடியுங்கள்

ஊராட்சி வேறு, வருவாய் கிராமம் வேறு, வாக்காளர் பட்டியலின் பாகம் வேறு. ஒரு ஊராட்சிக்குள் தாய்க்கிராமமும் நாலைந்து குக்கிராமங்களும் இருக்கும். அதில் ஒரு குக்கிராமம் பக்கத்து ஊராட்சிப் பள்ளியில் உள்ள பூத்தில் ஓட்டுப் போடும். பக்கத்து ஊராட்சியின் ஒரு தெரு உங்கள் பூத்துக்கு வரும். இதைச் சரிசெய்யாமல் ‘எங்கள் ஊர்’ என்று எதைக் கணக்கிட்டாலும் அது வேறொரு ஊரின் கணக்கு.

வாக்காளர் பட்டியல் பாகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தால் பாகம் எண், வாக்குச்சாவடியின் பெயர், முகவரி, அதன் கீழ் பிரிவு எண்ணோடு தெருப் பெயர்கள் இருக்கும். ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று மொத்த எண்ணிக்கையும் அதே பக்கத்தில் கிடைக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் இந்தப் பிரிவுகளை நோட்டில் எழுதி, எதிரே அந்தத் தெரு எந்தக் குக்கிராமம், எந்த ஊராட்சி என்று குறித்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர்கள் பழைய பெயராக இருக்கும். ‘வடக்குத் தெரு’ என்று பட்டியலில் இருப்பதை ஊரில் வேறு பெயரால் அழைப்பார்கள். சந்தேகம் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கேட்பதே சுருக்கமான வழி. பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ, ஆசிரியரோ, சத்துணவு அமைப்பாளரோதான் அந்த வேலையைப் பார்ப்பார். வீடு வீடாகப் போனவர் என்பதால் எந்த வீடு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது அவருக்குப் பட்டியலைப் பார்க்காமலே தெரியும்.

அடுத்து, தேர்தலுக்குத் தேர்தல் பூத் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குவது நல்லது. 2021 சட்டமன்றத் தேர்தல் கொரோனா காலத்தில் நடந்ததால் ஒரு பூத்துக்கு 1,000 பேருக்கு மேல் வேண்டாம் என்று துணை வாக்குச்சாவடிகள் போட்டார்கள். மாநிலம் முழுவதும் எண்ணிக்கை 88,000-ஐத் தாண்டியது. 2024 மக்களவைத் தேர்தலில் அது மறுபடி 68,000 சொச்சத்துக்கு வந்துவிட்டது. 2021-இல் ஒரே பாகம் இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டு வரிகளையும் கூட்டித்தான் 2024-இன் ஒரு வரியோடு ஒப்பிட வேண்டும். பிறகு பூத்துக்கு அதிகபட்சம் 1,200 பேர் என்று ஆணையம் வரம்பு வைத்ததால் எல்லைகள் மீண்டும் கலைந்தன. பூத் எண்ணை நம்பாதீர்கள், பிரிவுகளை நம்புங்கள்.

சில ஊர்களில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று பூத் இருக்கும். வாக்குச்சாவடிப் பட்டியலின் கடைசிப் பத்தியில் (நெடுவரிசையில்) ‘அனைத்து வாக்காளர்கள்’ என்றோ, ஆண்கள் அல்லது பெண்கள் என்றோ குறித்திருப்பார்கள். இதைக் கவனிக்காதவர் “மேலத்தெரு பூத் ஒரு கட்சிக்கும் கீழத்தெரு பூத் இன்னொரு கட்சிக்கும் போட்டிருக்கிறது” என்று எழுதிவிடுவார். உண்மையில் ஒரே வீட்டு ஆண்கள் ஒரு வரியிலும் பெண்கள் இன்னொரு வரியிலும் இருப்பார்கள்.

எவ்வளவு பின்னால் போகலாம்? தொகுதி மறுவரையறை 2009 மக்களவைத் தேர்தலிலும் 2011 சட்டமன்றத் தேர்தலிலும்தான் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய தேர்தல்களில் உங்கள் ஊர் வேறு தொகுதியில் இருந்திருக்கலாம். 2011, 2014, 2016, 2019, 2021, 2024 என்று ஆறு பொதுத்தேர்தல் கிடைத்தால் ஊரின் போக்கைச் சொல்ல அது தாராளம்.

படிவம் 20-ஐ எடுக்கும்போது

இது ஒரு தொகுதியின் இறுதி முடிவுத் தாள். இடது ஓரத்தில் வாக்குச்சாவடி எண், பிறகு வேட்பாளருக்கு ஒரு பத்தி, கடைசியில் செல்லத்தக்க வாக்குகள், நிராகரிக்கப்பட்டவை, நோட்டா, மொத்தம், டெண்டர் வாக்கு (தன் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டதால் ஒருவர் சீட்டில் போடும் வாக்கு). மக்களவைத் தேர்தலாக இருந்தால் ஆறு சட்டமன்றப் பகுதிகளுக்கும் தனித்தனித் தாள் இருக்கும். உங்கள் சட்டமன்றப் பகுதியின் தாளை எடுங்கள்.

பல தாள்கள் ஸ்கேன் செய்த படங்கள். எண்களைக் கையால் தட்டச்சு செய்யும்போது 3, 8 குழப்பம் நிச்சயம் வரும். ஒவ்வொரு வரியிலும் வேட்பாளர் வாக்குகளைக் கூட்டினால் செல்லத்தக்க வாக்குகள் வர வேண்டும். அதோடு நோட்டாவையும் நிராகரிக்கப்பட்டவற்றையும் சேர்த்தால் மொத்தம் வர வேண்டும். வராத வரியைத் திரும்பப் பாருங்கள். நோட்டா செல்லத்தக்க வாக்குகளுக்குள் சேராது என்பதை மறந்து கட்சிச் சதவீதம் போடுபவர்கள் உண்டு. எதை அடிப்படையாக எடுத்தீர்கள் என்பதை எல்லாத் தேர்தலுக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் போதும்.

வேட்பாளர் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. பெரிய வேட்பாளரின் பெயரிலேயே சுயேச்சைகளை இறக்குவது இங்கே பழைய வித்தை. 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே பலர் நின்றார்கள். பத்தியின் தலைப்பில் பெயர் மட்டும் இருக்கும், கட்சி இருக்காது. போட்டியிட்ட வேட்பாளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சின்னத்தோடு பொருத்துங்கள்.

உங்கள் பூத் வரி முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் பதற வேண்டாம், ஊர் புறக்கணித்ததாகவும் எழுதிவிட வேண்டாம். காலையில் ஏஜென்ட்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டுக் காட்டி, அவற்றை அழித்துவிட்டுத்தான் உண்மை வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். அழிக்க மறந்துவிட்டால் அந்த இயந்திரத்தை எண்ணிக்கையின்போது ஒதுக்கி வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் அந்தப் பூத்தின் வாக்குகளைவிட அதிகமாக இருந்தால் அதைக் கடைசிவரை எண்ணாமலே விடுவதும் உண்டு.

தபால் வாக்குகள் தாளின் கடைசியில் மொத்தமாக ஒரே வரியில் வரும். அவற்றை எந்த ஊருக்கும் பிரிக்க முடியாது. 2024-இல் 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ உடல் குறைபாடு உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களித்தார்கள். அவர்கள் வாக்களித்தவர்கள்தான், ஆனால் உங்கள் பூத் வரியில் இருக்கமாட்டார்கள். தேர்தல் பணிக்கு வந்த வெளியூர் ஊழியர் பணிச் சான்றிதழ் காட்டி உங்கள் பூத்தில் வாக்களித்திருந்தால் அந்த வாக்கு உங்கள் வரியில் கூடியிருக்கும். ஒன்றிரண்டு வாக்கு இடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எத்தனை பேரில்?

படிவம் 20 சாவடிவாரியாக வாக்களித்தவர்களைச் சொல்லும், சாவடிவாரியாக வாக்காளர் எத்தனை பேர் என்று சொல்லாது. அதை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். இணையத்தில் இன்று கிடைக்கும் பட்டியலை எடுத்துப் பழைய தேர்தலுக்கு வகுத்தால் கணக்கு கெட்டது. அந்தத் தேர்தலுக்குப் பயன்பட்ட இறுதிப் பட்டியலும், வேட்புமனுக் காலம்வரை சேர்ந்த துணைப்பட்டியலும் வேண்டும். இதைவிடச் சுலபம் படிவம் 17சி. அதன் முதல் வரியிலேயே அந்தப் பூத்துக்கு ஒதுக்கப்பட்ட வாக்காளர் எண்ணிக்கை இருக்கும். வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்திட்டு ஏஜென்ட்டுகளுக்கு நகல் கொடுப்பார். பெரிய கட்சிகளின் கிளைச் செயலாளர்கள் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஒருவர் தர மறுத்தால் எதிர்க்கட்சிக்காரரிடம் கேளுங்கள். இரண்டும் ஒரே தாளின் நகல்தான்.

தேர்தல் நாள் இரவில் தொலைக்காட்சியில் வரும் சதவீதத்தை எதற்கும் பயன்படுத்தாதீர்கள். 2024 ஏப்ரல் 19 மாலை 7 மணி நிலவரப்படி தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் என்றார்கள். இறுதிக் கணக்கு 69.72 சதவீதத்தில் வந்து நின்றது. பூத்திலிருந்து போனில் சொல்லும் தோராய எண்களைக் கூட்டிப் போடுவதால் வரும் வித்தியாசம் இது.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. கற்பனை ஊர் ஒன்று, பாகம் 112, 113. வாக்காளர்கள் 742, 681. வாக்களித்தவர்கள் 601, 498. முதல் பூத்தில் 81.0 சதவீதம், இரண்டாவதில் 73.1. சேர்த்து 1,423-க்கு 1,099, அதாவது 77.2 சதவீதம். இரண்டு சதவீதங்களையும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள், எண்களைக் கூட்டிய பிறகு வகுங்கள்.

இத்தோடு நிறுத்தினால் ‘324 பேர் ஓட்டுப் போடவில்லை’ என்று தலைப்பு போடலாம். அது தவறான தலைப்பு. பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் ஒருவரோடும் மகளிர் குழுத் தலைவி ஒருவரோடும் உட்கார்ந்தால் ஒரே மாலையில் உண்மை வெளியே வரும். செத்துப்போனவர்களின் பெயர் 41. கல்யாணமாகிப் போனவர்கள், குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோனவர்கள் 61. இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் 11. மொத்தம் 113 பேர் அந்த ஊரின் வாக்காளர்களே அல்ல. மீதி 1,310 பேருக்கு 1,099 என்றால் 83.9 சதவீதம். ஏழு முதியவர்கள் வீட்டிலிருந்து போட்ட தபால் வாக்கையும் சேர்த்தால் 84.4.

2025 நவம்பரில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்பு தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் 6.41 கோடியாக இருந்த பட்டியல் டிசம்பர் வரைவில் 5.43 கோடியாகச் சுருங்கியது. அதற்குப் பிறகு நடக்கும் எந்தத் தேர்தலிலும், ஒருவர்கூடக் கூடுதலாக வராமலேயே சதவீதம் உயரும். மேலே உள்ள மாதிரியில் அதே 1,099 பேர் வந்தாலே 77 என்பது 84 ஆகிறது. ‘கிராமத்தில் எழுச்சி’ என்று எழுதுவதற்கு முன் வாக்களித்தவர்களின் எண்ணிக்கை கூடியதா என்று பாருங்கள். அதேபோல், உயிரோடு ஊரில் இருப்பவர் பெயர் நீக்கப்பட்டிருந்தால் அவர் இந்தச் சதவீதத்தில் எங்கேயும் தெரியமாட்டார். பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் வீட்டு எண் வாரியாக ஒத்துப் பார்த்தால் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கலாம். பெயர் சேர்க்க அவர்கள் படிவம் 6 கொடுக்க வேண்டும், முகவரி மாற்றத்துக்கும் பிழைத் திருத்தத்துக்கும் படிவம் 8.

வராதவர்கள் ஏன் வரவில்லை

மாதிரி ஊரில் கணக்கு தெரியாமல் மிஞ்சுபவர்கள் 204 பேர். அவர்களை மூன்று கூறாகப் பிரியுங்கள்: வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், ஊரில் இருந்தும் போகாதவர்கள். 146, 20, 38 என்று வந்தால் ஆச்சரியம் இல்லை. மானாவாரி ஊர்களில் முதல் எண் பெரிதாக இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னை ஓட்டல், கோவை ஒர்க்‌ஷாப், வளைகுடா என்று பிள்ளைகள் போன ஊர்கள் அவை. வாக்குப்பதிவு நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு நாள் விடுமுறையில் 400 கிலோமீட்டர் போய்வர யாராலும் முடியாது. வாக்குப்பதிவு வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் நிலைமை மாறும், ஊர்த் திருவிழாவோடு ஒட்டி வந்தால் இன்னும் மாறும். எனவே தேர்தல் தேதிக்குப் பக்கத்தில் அது என்ன கிழமை, ஊரில் பொங்கலோ கொடையோ இருந்ததா என்று ஒரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பூத்துக்கும் இடையே 8 சதவீத வித்தியாசம் இருந்தால் முதலில் தூரத்தைப் பாருங்கள். ஓட்டுப் போட 2 கிலோமீட்டருக்கு மேல் யாரும் நடக்க வேண்டியிருக்கக்கூடாது என்பது விதி. அந்த 2 கிலோமீட்டரில் ஓடையோ ரயில்பாதையோ இருந்தால், ஏப்ரல் வெயிலில் வயதானவர் நடந்து வரமாட்டார். பள்ளிக் கட்டடம் இடிந்து அந்தத் தேர்தலுக்கு மட்டும் பூத் இடம் மாறியிருந்தாலும் இதே விளைவு. காரணத்தை அரசியலில் தேடுவதற்கு முன் செருப்பு மாட்டிக்கொண்டு அந்த வழியை ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

ஆண், பெண் யார் அதிகம் வந்தார்கள் என்பது படிவம் 20-இல் இல்லை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் நாட்குறிப்பில் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவான வாக்குகளும் அதில் இருக்கும். பூத் ஏஜென்ட் கையில் உள்ள பட்டியலிலும் வந்தவர்களுக்கு டிக் அடித்திருப்பார்கள். 11 மணிக்குள் பாதி ஓட்டு விழுந்த பூத், மாலை 4 மணிக்கு மேல் திரண்ட பூத் என்று ஊருக்கு ஊர் பழக்கம் வேறு. நூறு நாள் வேலைக்காரர்கள் காலையிலேயே வருவார்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள் கடைசியில் வருவார்கள்.

புறக்கணிப்பு தனி வகை. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ரோடு கேட்டு, சுடுகாட்டுப் பாதை கேட்டுக் கருப்புக் கொடி கட்டும் ஊர்களும் உண்டு. பல ஊர்களில் வட்டாட்சியர் மதியம் வந்து பேசி, சாயங்காலம் வாக்குப்பதிவு நடந்திருக்கும். அந்தத் தேர்தலின் எண்ணை மற்றத் தேர்தல்களோடு சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள். குறைந்த வாக்குப்பதிவை அக்கறையின்மை என்று எழுதுவது இங்கே முழுப் பொய். புறக்கணிப்பை நோட்டாவோடும் குழப்ப வேண்டாம். 2013-இல் வந்த நோட்டாவைப் போட்டவர் வாக்களித்தவராகக் கணக்கில் வருவார்.

சாய்வைக் கணக்கிடுவது

முதல் வேலை கூட்டணிகளை ஒரே கூடைக்குள் கொண்டுவருவது. ஒரு கட்சி தொகுதியில் நிற்கவில்லை என்றால் அதன் ஓட்டு ஊரில் இல்லை என்று பொருளல்ல, இன்னொரு சின்னத்துக்குள் இருக்கிறது. 2021-க்கும் 2024-க்கும் இடையே தி.மு.க. அணி பெரும்பாலும் அப்படியே இருந்தது, அதை நேராக ஒப்பிடலாம். எதிர்ப்பக்கம் சிதறியது. 2021-இல் அ.தி.மு.க.வோடு பா.ஜ.க.வும் பா.ம.க.வும் இருந்தன, அ.ம.மு.க.வும் தே.மு.தி.க.வும் தனி அணி. 2024-இல் தே.மு.தி.க. அ.தி.மு.க.விடம் வந்தது, பா.ம.க.வும் அ.ம.மு.க.வும் பா.ஜ.க. அணிக்குப் போயின. எனவே ‘ரெட்டை இலை சரிந்தது’ என்று சொல்வதற்கு முன், 2021-இன் அ.தி.மு.க., அ.ம.மு.க. அணிகளைக் கூட்டிய எண்ணையும், 2024-இன் அ.தி.மு.க., பா.ஜ.க. அணிகளைக் கூட்டிய எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். வட மாவட்டக் கிராமங்களில் சரிவு என்று தோன்றியதில் பெரும்பகுதி இடம் மாறியதாகவே தெரியும். நாம் தமிழர் கட்சி இரண்டிலும் தனியாக நின்றது, ஆனால் 2024-இல் கரும்பு விவசாயி சின்னம் கைவிட்டுப்போய் மைக்கில் நின்றது. பழைய சின்னத்துக்கு விழுந்த வாக்குகளையும் தனிப் பத்தியில் குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, ஊரின் சதவீதத்தைத் தனியாகப் பார்க்காமல் தொகுதியோடு வைத்துப் பாருங்கள். ஒரு அணி 2021-இல் ஊரில் 58, தொகுதியில் 49. 2024-இல் ஊரில் 51, தொகுதியில் 42 என்று வைத்துக்கொள்வோம். ஊரில் ஏழு சதவீதம் சரிந்தது. ஆனால் இரண்டு முறையும் தொகுதியைவிட ஊர் 9 கூடுதல். ஊரின் சாய்வு மாறவில்லை, மாநிலக் காற்று மாறியது. மக்களவைத் தேர்தலுக்கு மக்களவைத் தொகுதியின் சராசரியை எடுக்காமல் உங்கள் சட்டமன்றப் பகுதியின் சராசரியை எடுக்க வேண்டும். இந்த ‘கூடுதல் 9’ என்ற எண் மூன்று, நான்கு தேர்தல்களாக நிலையாக இருந்தால் மட்டுமே ‘இது இன்ன கட்சி ஊர்’ என்று சொல்லலாம். அது +9, -2, +6 என்று ஆடினால் அந்த ஊர் வேட்பாளரைப் பார்த்துப் போடும் ஊர்.

மூன்றாவது, வாக்களித்தவர்களில் பங்கையும் மொத்த வாக்காளர்களில் பங்கையும் இரண்டு பத்தியாகப் போடுங்கள். 800 வாக்காளர் உள்ள பூத்தில் ஒருமுறை 650 பேர் வாக்களித்து ஒரு கட்சிக்கு 380 விழுந்தது: 58.5 சதவீதம். அடுத்த முறை 560 பேர் வந்தார்கள், அதே கட்சிக்கு 350: 62.5 சதவீதம். கட்சிக்காரர் வளர்ச்சி என்பார். 30 ஓட்டு குறைந்திருக்கிறது. மொத்த வாக்காளரில் பார்த்தால் 47.5-லிருந்து 43.8. எதிரணி ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சின்ன மாற்றங்களுக்குப் பெரிய காரணம் தேடாதீர்கள். 600 பேர் வாக்களித்த பூத்தில் 6 பேர் உள்ள ஒரு கூட்டுக்குடும்பம் ஒரு சதவீதம். 3 சதவீத ஏற்ற இறக்கத்துக்குப் பங்காளிச் சண்டை போதும், கொள்கை மாற்றம் தேவையில்லை.

பணப் பட்டுவாடாவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும் 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணத்தால் ரத்தான மாநிலம் இது. ஆனால் பூத் எண்களிலிருந்து பணத்தின் விளைவைப் பிரித்தெடுக்க முடியாது. இரண்டு பக்கமும் கொடுத்த ஊரில் வாக்குப்பதிவு உயரலாம், சாய்வு அப்படியே நிற்கலாம். ‘வாங்கியவர் போட்டார்’ என்ற முடிவுக்குத் தாளில் எந்தச் சான்றும் கிடையாது.

நான்கு நிறச் சீட்டு

ஊரக உள்ளாட்சித் தேர்தல்போல ஊரைப் படிக்க உதவும் கருவி வேறில்லை. ஒரே வாக்காளர் ஒரே நாளில் நான்கு வாக்குகள் போடுகிறார்: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சி சார்பற்றவை, பூட்டு சாவி, ஆட்டோ போன்ற சுயேச்சைச் சின்னங்கள். பின்னிரண்டும் கட்சிச் சின்னத்தில். இளஞ்சிவப்பில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் ஜெயித்து, அதே ஊரில் பச்சையில் எதிர்க்கட்சி முன்னிலை பெறுவது சகஜம். தலைவர் தேர்தல் முடிவை வைத்து ஊரின் கட்சிச் சாய்வை அளந்தால் ஏமாறுவீர்கள். அங்கே உறவு, தெரு, சாதி, கடந்த முறை குடிநீர்க் குழாய் யார் தெருவுக்கு வந்தது என்பவைதான் பேசும்.

இந்தக் கணக்கு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வேறு இடத்தில் இருக்கும், இந்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தேட வேண்டாம். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளிலும், காஞ்சிபுரம், விழுப்புரம், வேலூர், திருநெல்வேலி, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளிலும் நடந்தது. ஒன்றிய வார்டில் பல ஊராட்சிகள் சேர்ந்திருக்கும், அதனால் பச்சைச் சீட்டின் முடிவு உங்கள் ஊருக்கு மட்டும் தனியாகக் கிடைப்பது கடினம். எண்ணும் மேசையில் இருந்த ஏஜென்ட்டின் குறிப்புதான் கதி. தலைவர் போட்டியின்றித் தேர்வான ஊரில் இளஞ்சிவப்புச் சீட்டே இருந்திருக்காது, வெளியூர்ப் பிள்ளைகளை வேன் வைத்து அழைத்துவர யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அங்கே வாக்குப்பதிவு விழுந்திருந்தால் காரணம் அதுதான். போட்டியின்மையை ஒற்றுமை என்று உடனே எழுதிவிடவும் வேண்டாம். தலைவர் பதவியை ஏலம் விட்ட ஊர்கள் செய்தியில் வந்திருக்கின்றன. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய, தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நான்கு தனி ஊராட்சிகளில் 1996-லிருந்து பத்து ஆண்டுகள் தலைவர் தேர்தலையே நடக்கவிடாமல் செய்திருந்தார்கள். 2006-இல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது.

எங்கே நிறுத்த வேண்டும்

எண்களைப் பூத்துக்குக் கீழே இறக்காதீர்கள். பட்டியலில் தெரு இருக்கிறது, தெருவில் சாதி தெரியும், ஏஜென்ட்டின் டிக் இருக்கிறது. எல்லாவற்றையும் பொருத்தினால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஊகிக்கலாம் என்று தோன்றும். ஊகம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். ஒரு பூத்தில் பெண்கள் குறைவு, அங்கே ஒரு கட்சிக்கும் ஓட்டுக் குறைவு என்பதால் பெண்கள்தான் அந்தக் கட்சிக்குப் போடுபவர்கள் என்று ஆகாது.

தப்பாக இருப்பதைவிட ஆபத்தானது, அது ஊருக்குள் பரவுவது. ஓட்டுச்சீட்டு இருந்த நாளில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழியிருந்தது. இயந்திரத்தில் பூத் வாரியாக முடிவு வெளிப்படையாகத் தெரிகிறது. பல இயந்திரங்களை இணைத்துக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது, 2015-இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தனி பூத் உள்ள காலனியின் மொத்த முடிவும் மறுநாள் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. தெருவிளக்கு எரியாததிலிருந்து வேலை மறுப்பதுவரை அதன் பின்விளைவு இருக்கும். நீங்கள் வெளியிடும் கட்டுரையில் அப்படிப்பட்ட பூத்தைப் பக்கத்து பூத்தோடு சேர்த்தே எண்ணைக் கொடுங்கள். 200 பேருக்குக் குறைவான வாக்குகள் விழுந்த எந்த பூத்துக்கும் இதே வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

நேரில் விசாரிக்கும்போது “யாருக்குப் போட்டீர்கள்?” என்று கேட்காதீர்கள். யாருக்கு வாக்களித்தேன் என்று சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிமன்றச் சாட்சிக்கூண்டுக்கே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு பாதுகாப்பு தருகிறது. “இந்த முறை எந்தக் கட்சிக்காரர்கள் உங்கள் தெருவுக்கு அதிகம் வந்தார்கள்? பூத் சிலிப் யார் கொடுத்தார்கள்? ஓட்டுப் போட எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள்?” இப்படிக் கேட்டால் பதில் தாராளமாக வரும். பெண்களிடம் தனியாகப் பேசப் பெண் ஒருவர் போக வேண்டும். வாசலில் வீட்டு ஆண் நின்றால் அவர் பதில்தான் உங்களுக்குக் கிடைக்கும். கட்சி வேட்டி கட்டியவரின் பைக்கில் ஏறி ஊருக்குள் போனால், அன்று முழுக்க எல்லோரும் அந்தக் கட்சிக்காரர்களாகவே பேசுவார்கள்.

வெளியிடும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாக்களித்து வந்தவர்களிடம் கேட்டுத் தொகுக்கும் கணிப்பை, ஆணையம் அறிவிக்கும் காலகட்டம் முடியும்வரை வெளியிடுவது அதே சட்டத்தின் 126ஏ பிரிவின்படி குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறை. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பு முடிவுகளைத் தொலைக்காட்சி போன்ற மின்னணு ஊடகங்களில் காட்டவும் தடை உண்டு. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஊடகம் ஆகாது என்று நினைத்துக்கொண்டு யாரும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். பழைய தேர்தல்களின் படிவம் 20 கணக்குக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆனால் தாளின் மேல் மூலையில் எந்தத் தேர்தல், எந்தத் தேதியிட்ட வாக்காளர் பட்டியல், எந்தெந்தப் பாகங்கள் என்று எழுதிவிட்டு வெளியிடுங்கள். அடுத்த தேர்தலில் பூத் எண் மறுபடி மாறும்போது உங்களுக்கே அது தேவைப்படும்.